நடு அறைக் கதவு

பிப்ரவரி 3

கோபிச்செட்டிபாளையம் வந்து சேர்ந்தோம். வாய்க்கால் ஓரத் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இருபது நாள் வேலை.

இந்த டைரி தொலைந்தால் எடுத்தவருக்குத் தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் பெயர் எத்திராஜ். சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் கேரவன் வண்டியின் டிரைவர். டிரைவர் என்பது பெயருக்கு. கூட்டுவது, கழுவுவது, ஏசி பார்ப்பது, காவல் காப்பது எல்லாம் நான்தான். நான்கு வருடம் முன்பு யாரோ உடைத்த கண்ணாடிக்கு என் தலை உருண்டது. அன்றிலிருந்து என்ன உடைந்தது, என்ன சரிசெய்தேன் என்று தினமும் எழுதிவைக்கிறேன். எழுதிவைக்கிறவனிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

கேரவன் என்றதும் வெளியே இருப்பவர்கள் அரண்மனை என்று நினைக்கிறார்கள். எங்களுடையது பதினோரு வருடம் ஓடித் தேய்ந்த பஸ்ஸில் மூன்று அறை கட்டியது. முன் அறை ஹீரோவுக்கு. நடு அறை பெண்களுக்கு. பின் அறை மற்றவர்களுக்கு. மூன்று கதவு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் இரும்புப் படி.

இந்தப் படமும் லைவ் சவுண்டு. நடிகர்கள் பேசுவதை அங்கேயே பதிவு செய்துவிடுவார்கள், பிறகு டப்பிங் கிடையாது. 'ரோலிங்' என்று குரல் வந்துவிட்டால் இருநூறு பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இருமல் வந்தாலும் விழுங்க வேண்டும். கேரவன் கதவைத் திறப்பது, மூடுவது இரண்டும் கூடாது. இந்தக் கம்பெனிக்கு நான் வண்டி ஓட்டும் மூன்றாவது படம் இது. விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

சவுண்டு இன்ஜினியர் பெனடிக்ட் வந்து மூன்று கதவையும் திறந்து மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, இது கதவா, தவில் செட்டா? நாலு தோப்பு தள்ளி கேக்குது."

ஓனர் தனபாலுக்கு போன் போட்டேன்.

"புதுக் கதவா? எத்திராஜு, கனவு கினவு கண்டியா? கையில இருக்கறத வச்சு நீயே ஏதாச்சும் பண்ணுய்யா."

பிப்ரவரி 4

காலையில் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஐந்து வாங்கினேன். சும்மாதான் கொடுத்தார், ஹீரோவோடு ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார். சரி என்றேன். நடக்காது.

டியூபை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கதவுச் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் பசை போட்டு நான்கு பக்கமும் ஒட்டினேன். மூலையில் மடிக்கக் கூடாது, வெட்டி ஒட்டினால்தான் கதவு சரியாக உட்காரும். கீல்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். பூட்டுத் துவாரத்துக்கும் இரண்டு சொட்டு. முன்பு 'டமார்' என்றது, இப்போது பொத்தென்று மூடுகிறது. வாய்க்கால் கரைப் புழுதியும் உள்ளே வரவில்லை. மொத்தச் செலவு ஒரு டீ, ஒரு வடை அளவுதான்.

பெனடிக்ட் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஹீரோவின் தங்கையாக நடிக்கும் பெண் வந்தாள். அபிரூபா. உடுமலைப்பேட்டைக்காரி, முதல் படம். துணைக்கு யாரும் வரவில்லை. அப்பா இல்லையாம், அம்மா ஸ்கூலில் வேலையாம். நடு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுக்கு உள்தாழ்ப்பாள் இல்லீங்களா?"

"கைப்பிடில பட்டன் இருக்கு பாரும்மா. அமுக்கினா பூட்டிக்கும்."

"வெளிய சாவி யாருகிட்டங்க இருக்கும்?"

"என்கிட்ட ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணு."

அவள் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 5

மூன்று கதவுக்கும் கொசுவலை. நடுவில் பிளந்து, பழைய ஃபிரிட்ஜ் கதவில் இருந்து பிரித்த காந்தப் பட்டையைத் தைத்தேன். ஆள் நுழைந்ததும் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஹீரோ இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்து விளையாடினார்.

பிப்ரவரி 6

நடு அறையைக் கூட்டும்போது தரையில் கீறல் பார்த்தேன். மேக்கப் நாற்காலியை இழுத்துக் கதவின் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பது, உள்ளே நாற்காலி வைத்து என்ன பயன்? தரைவிரிப்புதான் பாழ். நாற்காலிக் கால்களுக்கு மிச்சமிருந்த டியூபை மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 8

அபிரூபா மறுபடி தாழ்ப்பாள் கேட்டாள். தானே வாங்கி வருகிறேன் என்கிறாள். முடியாது என்றேன். காரணம் சொன்னேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மூத்த நடிகர் பின் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார். சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். ஷாட் ரெடி என்று தட்டித் தட்டிப் பார்த்துக் கடைசியில் ஜன்னலை உடைத்து ஆளைத் தூக்கினோம். பிழைத்துக்கொண்டார். மறுநாளே மூன்று அறைத் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னார் ஓனர். நான்தான் கழற்றினேன். ஓட்டையில் பட்டி பூசி, அதே நிறம் அடித்து, இருந்த இடம் தெரியாமல் செய்தேன். வேலை சுத்தம்.

அதற்குப் பதிலாகத்தான் இந்த உருண்டைக் கைப்பிடிப் பூட்டுகள். மூன்றுக்கும் ஒரே சாவி. அது என் யோசனை. நடிகரைக் கூப்பிடும் அவசரத்தில் கொத்துச் சாவியை வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாமே என்று ஒரே சாவிக்குத் திறக்கிற மாதிரி கேட்டு வாங்கினேன். ஓனரே பாராட்டினார். ஒரு சாவி மேனேஜரிடம் இருப்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்.

"அப்ப பின் ரூம் சாவி வாங்குனா இந்த ரூமும் தொறக்குமுங்களா?" என்றாள்.

கெட்டிக்காரப் பெண். தொறக்கும், ஆனால் யார் திறக்கப் போகிறார்கள் என்றேன்.

பிப்ரவரி 9

சின்னவர் சென்னையில் இருந்து வந்துவிட்டார். தயாரிப்பாளரின் தம்பி. பெயர் பிரகலாதன், கம்பெனியில் எல்லோருக்கும் சின்னவர். செட்டில் அவருக்கென்று தனி வேலை கிடையாது. நாற்காலி போட்டு உட்காருவார், போன் பேசுவார், வெயில் ஏறினால் பின் அறையில் படுப்பார். மேனேஜர் குணாளனிடம் சாவி வாங்கிக்கொண்டார். அது அவர் வழக்கம்.

நடு அறைக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 10

நடு அறைக் கதவின் கண்ணாடிக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய பஸ் பாஸ் அட்டையால் தேய்த்தால் குமிழி வராது. வெளியில் இருந்து நிழல்கூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 11

படப்பிடிப்பு இல்லை. தூங்கினேன். நடு அறைக் கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அபிரூபா பட்டுப்பாவாடை, நகை எல்லாம் போட்டுக்கொண்டு தென்னை மரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மேக்கப் வழிகிறது. மேக்கப்மேன் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"உள்ள ஏசி ஓடுதேம்மா. ஏன் இங்க?"

"இங்க காத்து வருதுங்க."

ஓர் ஓலைகூட அசையவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்தைக்கு முந்தாநாளு, நான் துணி மாத்திட்டிருக்கறப்ப சின்னவரு சாவி போட்டுத் தொறந்துட்டாருங்க. ரூம் மாறிப்போச்சுன்னாரு. சரின்னு விட்டேன். இன்னைக்குக் காலைல மறுபடியும். இந்தத் தடவ மாறிப்போச்சுன்னு சொல்லலீங்க. உள்ள வந்து கதவச் சாத்துனாரு. நான் பாத்ரூமுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். நீங்க ஷாட் ரெடின்னு தட்டுனீங்க பாருங்க, அப்பறந்தான் போனாரு."

மேனேஜரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேனுங்க. மொத படம், அனுசரிச்சுப் போம்மான்னாரு."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. கொசுவலையில் காந்தம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது, அதைத் தைக்கப் போனேன்.

பிப்ரவரி 13

போன வருட டைரியை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். ஒகேனக்கல் படப்பிடிப்பு, இதே கம்பெனி, இதே டைரக்டர், இதே பெனடிக்ட். ஜூலை 22-ல் இப்படி எழுதியிருக்கிறேன்: 'நடு அறைக் கைப்பிடி தளர்வு. திருகு மாற்றினேன். ஹேர் டிரெஸ்ஸர் எமிலி வேலையைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டாள். காரணம் தெரியாது.'

இதில் இரண்டு பொய் இருக்கிறது. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கெதற்கு ஊர் வம்பு என்று ஏழு மாதம் ஓட்டியாயிற்று.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கால் மதகுப் பக்கம் போய் எமிலிக்கு போன் செய்தேன். நம்பர் இருந்தது. ராயபுரத்துப் பெண், முன்பு எத்தனையோ தடவை அவளை வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். எடுத்தாள்.

"யாரு? எத்திராஜ் அண்ணனா?"

நல்லா இருக்கியா என்று கேட்டேன். பியூட்டி பார்லரில் வேலை செய்வதாகச் சொன்னாள். அப்புறம் அவளே பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு அந்தாளு உள்ள வந்ததும் நான் கதவாண்ட ஓடியாந்தேன். கைப்பிடி நல்லாத்தான் திரும்புச்சு. கதவுதான் தொறக்கல. தட்டுனேன். வெளிய யாரோ சாஞ்சுக்கினு இருந்தாங்க. நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

அதை முழுதாக எழுதிவிடுகிறேன். அன்று அருவிக் கரையில் ஒரே ஷாட், நாலரை நிமிடம், நடுவில் வெட்டு கிடையாது. காலையில் இருந்து பதினான்கு டேக் வீணாகியிருந்தது. பதினைந்தாவது ரோலிங். நான் நடு அறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். சற்று முன்புதான் சின்னவர் நடு அறைக்குள் போனதைப் பார்த்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனார். உள்ளே எமிலி விக்கு சீவிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன். டேக் போய்க்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கைப்பிடி திரும்பியது. கதவு என் முதுகைத் தள்ளியது. தட்டும் சத்தம். டேக் கெட்டுவிடும், என் மேல் விழுவார்கள் என்று மட்டும்தான் தோன்றியது. காலைத் தரையில் ஊன்றி, முதுகால் கதவை அழுத்திக்கொண்டேன். சத்தம் வெளியே வராமல் இருக்க உள்ளங்கையையும் பின்னால் கொண்டுபோய் வைத்து அழுத்தினேன். 'கட்' சொல்லும் வரை அப்படியே இருந்தேன். டைரக்டர் கை தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன்.

"அதுக்கா போன் பண்ணீங்க? அத வச்சு நான் என்னண்ணே பண்றது? இப்ப அந்த ரூம்ல எந்தப் பொண்ணு இருக்கு? அதச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அங்கதான் நின்னுக்கினு எனக்கு போன் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14

ஹார்டுவேர் கடையில் எட்டங்குல இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினேன். கடைக்காரர் அலுமினியம் போதும் என்றார். இரும்புதான் வேண்டும் என்றேன். திருகாணி எல்லாம் வேண்டாம், கதவைத் துளைத்து அந்தப் பக்கம் வரை போகிற போல்ட்டு, நட்டு கேட்டு வாங்கினேன். திருகாணி என்றால் நாலு இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும்.

பழைய ஓட்டைகள் எங்கே என்று எனக்குத்தானே தெரியும். பட்டியைக் குத்தி எடுத்தேன். அதே இடத்தில் தாழ்ப்பாள் உட்கார்ந்தது. சட்டத்துப் பக்கம் பழைய பஸ் சீட்டில் இருந்து கழற்றிய இரும்புப் பட்டையை உள்ளே கொடுத்து முறுக்கினேன். நானே உள்ளே இருந்து தாழ் போட்டு, மெஸ் சமையல்காரரை வெளியில் இருந்து இழுக்கச் சொன்னேன். தொண்ணூறு கிலோ ஆள். வண்டிதான் ஆடியது.

மயங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்தேன். பக்கத்து ஜன்னலின் சட்டத்தில் நான்கு திருகாணி. கழற்றினால் கை உள்ளே போய்த் தாழ்ப்பாளை எட்டும். பார்த்துவிட்டேன், இரண்டு நிமிடம் ஆகிறது. இதை இரண்டு வருடம் முன்பே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அபிரூபா தாழைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். ஓனர் திட்ட மாட்டாரா என்று கேட்டாள். திட்டுவார் என்றேன்.

எமிலி பற்றி அவளிடம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாழ்ப்பாளை நம்ப மாட்டாள் என்று பயந்தேன்.

பிப்ரவரி 15

மரத்தடி ஸ்டூலை மெஸ் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். அபிரூபா உள்ளே இருக்கிறாள். சின்னவர் இரண்டு முறை நடு அறைப் பக்கம் நடந்தார். நான் படியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 16

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குத் தோப்பில் ஹீரோவும் அப்பாவாக நடிப்பவரும் பேசும் காட்சி. நீளமான ஷாட். அபிரூபாவுக்கு அடுத்த காட்சி, உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். மேனேஜர் குணாளன் என்னைக் கூப்பிட்டு ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா பார்த்துவிட்டு வரச் சொன்னார். அது என் வேலையே இல்லை. போனேன். திரும்பி வரும்போது 'ரோலிங்' சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு முப்பது அடி தள்ளி அப்படியே நின்றுவிட்டேன். கால் தானாக நின்றுவிட்டது, பழக்கம்.

சின்னவர் நாற்காலியில் இருந்து எழுந்தார். படியில் ஏறி நடு அறைப் பூட்டில் சாவி போட்டார். ஒரு சத்தமும் இல்லை. பூட்டுக்கு எண்ணெய் விட்டவன் நான்தானே. கதவை இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார். ரப்பர் வைத்த கதவு, இழுத்தாலும் சத்தம் வராது. கன்னத்தைக் கதவோடு வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு படியில் இருந்து இறங்கி ஜன்னல் பக்கம் போனார். போன வாரத்தில் இருந்தே சரியாக மூடாத ஜன்னல் அது, சரிசெய்ய விட்டுப்போயிருந்தது, நெம்பினால் நகரும். நெம்பினார். இருநூறு பேர் இருக்கிறார்கள், எல்லோருடைய கண்ணும் கேமரா பக்கம்.

உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

"சார்!" என்று கத்தினேன். "அது லேடீஸ் ரூம் சார்! ஜன்னல்ல இருந்து கைய எடுங்க!"

எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. தென்னை மரத்தில் இருந்த கொக்குகள் எழுந்து போயின. பெனடிக்ட் காதில் இருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். 'கட்' என்று டைரக்டர் அலறினார். எல்லாத் தலையும் முதலில் என் பக்கம் திரும்பி, பிறகு நான் பார்த்த பக்கம் திரும்பின. சின்னவர் கை ஜன்னல் சட்டத்தில் இருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது.

"பின் ரூம்னு நெனச்சேன்," என்றார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

கத்திய பிறகு எனக்குப் பயம்தான். பொய் சொல்ல என்ன இருக்கிறது.

பிப்ரவரி 17

காலையில் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று படத்தில் முதல் முறை.

"எத்திராஜு, தாழ்ப்பாள் மாட்டுனது ஓனருக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் பேசி சரிபண்றேன். டைரக்டர் கூப்பிட்டுக் கேப்பாரு. ஜன்னல் மாட்டிக்கிச்சு, நான்தான் சாரை ஒரு கை பிடிக்கச் சொன்னேன்னு சொல்லிரு. அவ்ளோதான். அந்தப் பொண்ணும் புதுசு, பயந்துபோயி ஏதோ தட்டிருச்சு."

டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ.

ஹோட்டல் அறையில் டைரக்டர், மேனேஜர், பெனடிக்ட், அபிரூபா இருந்தார்கள். அபிரூபாவின் அம்மாவும் உடுமலையில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். சின்னவர் இல்லை, தலைவலியாம். டைரக்டர் என்னைப் பார்த்து, நேற்று என்ன பார்த்தாய் என்றார்.

பார்த்ததைச் சொன்னேன். சாவி, கதவு, ஜன்னல். மேனேஜர் என்னை டீசல் பார்க்க அனுப்பியதையும் சொன்னேன். மேனேஜர் இடைமறித்தார்.

"ஏன்யா, ஓனரைக் கேக்காம தாழ்ப்பாள் ஏன் மாட்டுன? இத எதிர்பாத்த மாதிரி இருக்கே? உனக்கு முன்னாடியே என்ன தெரியும்?"

மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டார். நல்ல கேள்விதான். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

ஒகேனக்கல், எமிலி, நான் சாய்ந்திருந்தது எல்லாம் சொன்னேன். அபிரூபாவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"நீ ஏன்யா புடிச்சுக்கிட்ட?" என்றார் டைரக்டர்.

"டேக் போய்ட்டிருந்தது சார்."

"எந்த டேக்?"

"பதினஞ்சாவது. அருவிக் கரை."

பெனடிக்ட்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அது ஓகே ஆன டேக் சார். படத்துல அதுதான் இருக்கு."

அபிரூபா எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேனுங்க," என்றாள். மேனேஜர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. டைரக்டர் தடுக்கவில்லை. உதவி செய்கிறேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் எமிலிக்கு போன் செய்தேன். எல்லாம் சொன்னேன்.

"அந்தாளு பேர மட்டும் சொன்னீங்களா?"

"என்னையும் சொன்னேன்மா."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

அந்தப் பெண்ணின் நம்பரைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.

பிப்ரவரி 18

ஓனர் வேறு டிரைவரை அனுப்பிவிட்டார். சின்ன வயசுக்காரர், பெயர் லோகு. வண்டிச் சாவியைக் கொடுத்தேன். தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி உத்தரவாம், கையில் ஸ்பேனர் வைத்திருந்தார். அபிரூபா படியில் நின்றுகொண்டாள்.

"அதக் கழட்டுனா நான் ஷாட்டுக்கு வர மாட்டேனுங்க. பாதிப் படத்துல என்னிய மாத்த முடியாதுங்க."

லோகு என்னைப் பார்த்தார். ஓனருக்கு போன் போட்டுக் கேட்டார். ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். அவரிடம் ஜன்னல் திருகாணி விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு திருகாணி, இரண்டு நிமிடம். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஓனரிடம் இனி வேலை இல்லை. மற்ற வண்டி முதலாளிகளிடமும் சொல்லியிருப்பார். டேக் நடுவில் கத்துகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. சரிசெய்யத் தோன்றவில்லை.

பிப்ரவரி 19

காலை ஒன்பது மணிக்கு ஈரோடு பஸ்ஸில் எமிலி வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். தோளில் ஒரு பை. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றாள்.

மகளிர் காவல் நிலைய வாசலில் அபிரூபாவும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். எமிலியும் அபிரூபாவும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அம்மா எமிலியின் முதுகில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார். நான் பின்னால் போனேன்.

முதலில் அபிரூபா சொன்னாள். அப்புறம் எமிலி. அவள் சொல்லும்போது வெளியே போகட்டுமா என்று கேட்டேன். "இருங்க," என்றாள். நின்றுகொண்டே இருந்தேன். நாலரை நிமிடத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். அதை இந்த டைரியில் எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இவரு யாரு? சாட்சியா? உங்க சொந்தக்காரரா?"

நான் வாய் திறப்பதற்குள் எமிலி சொன்னாள்.

"கதவப் புடிச்சுக்கினு இருந்தவரு மேடம். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். ஒரு சொல்லும் தவறில்லை. கையெழுத்துப் போட்டேன்.